அரக்கோணம் அவ்வளவு தூரம், அங்கே வீடு ஏன் இவ்வளவு விலை?

புறநகர் என்றால் நகரத்துக்கு வெளியே இருந்தாலும், பிழைப்புக்கு தினமும் நகரத்துக்கே போய்வரும் ஊர். பழைய வட ஆற்காட்டின் அரக்கோணம், சென்னை சென்ட்ரலிலிருந்து சுமார் 70 கி.மீ. ஆனாலும் மின்சார ரயில் வந்துபோகிறது. விலையை முடிவு செய்வது கிலோமீட்டர் அல்ல, பயண நேரம். ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தெருவில் ஒரு விலை, ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டிய இடத்தில் வேறு விலை.

இன்னொரு காரணம், வாங்குகிறவர்கள் எல்லோரும் குடியிருக்க வாங்குவதில்லை. பஸ் ஜன்னல் வழியாக துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அதே கதைதான். சீட் காலியாகத்தான் தெரியும், உட்கார முடியாது. காட்பாடி, வாலாஜா பக்கம் போனால் பாருங்கள்: கல் நட்டு, வேலிகாத்தான் முளைத்த மனைகள். ஆளில்லை, ஆனால் உரிமையாளர் உண்டு; விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறார். விற்பனைக்கு வருவது கொஞ்சம் என்பதால் அதன் விலை ஏறுகிறது. டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரமும் வில்லங்கமில்லாத பத்திரமும் உள்ள மனை என்றால் இன்னும் கிராக்கி.

கட்டுமானச் செலவும் இருக்கிறது. ஊர் தள்ளியிருக்கிறது என்று சிமெண்ட்டையும் கம்பியையும் யாரும் பாதி விலைக்குத் தருவதில்லை.

அரசின் வழிகாட்டி மதிப்புதான் சந்தை விலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை; அது பத்திரப்பதிவின்போது முத்திரைத்தாள், பதிவுக் கட்டணங்களைக் கணக்கிட வைத்திருக்கும் அளவு.