அந்த ஃபைலைத் திறந்து படி

அன்புள்ள அண்ணா,

கடைசி வருட பிராஜெக்ட்டுக்கு பைத்தானில் மருந்துக்கடை பில்லிங் செய்கிறேன். க்யூட்டி டிசைனரில் திரையை வரைந்து, வரைந்ததை பைத்தான் கோடாக மாற்றும் பையூஐசி5 மூலம் கோட் எடுத்து, அதற்குள்ளேயே என் ஃபங்ஷன்களை எழுதிவந்தேன். நேற்று ஒரு பட்டனை நகர்த்திவிட்டு மறுபடி கோட் எடுத்தேன், மூன்று வார வேலை போய்விட்டது. டிசைனரை விட்டுவிட்டுக் கையாலேயே எழுதட்டுமா? இல்லை, பைத்தானோடு வரும் இன்னொரு திரைக் கருவியான டிகிண்ட்டருக்கே மாறிவிடலாமா?

அன்புள்ள தம்பி,

மூன்று வாரம் என்று படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. ஆனாலும் திட்டாமல் இருக்க முடியவில்லை. கையால் செய்யும் மாற்றம் எல்லாம் அடுத்த முறை அழிந்துபோகும் என்று பையூஐசி5 எடுத்துக் கொடுத்த ஃபைலின் தலையிலேயே எச்சரிக்கை போட்டிருக்கிறது. மூன்று வாரம் தினமும் திறந்த ஃபைல், அதன் மேல் நாலு வரியை ஒருநாள்கூடப் படிக்கவில்லையா?

டிகிண்ட்டர் பேச்செல்லாம் இப்போது வேண்டாம்.

எனக்கும் இதுமாதிரி ஒன்று நடந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாம் விஷுவல் பேசிக் 6தான். ஒரு ஜவுளிக்கடைக்கு பில் திரை செய்தேன். பட்டனை இழுத்துப் போட்டு, டபுள் கிளிக் செய்து, கமாண்ட்1_கிளிக் என்று வந்த இடத்தில் பில் அடிக்கும் வேலையை எழுதினேன். எல்லாம் முடிந்த பிறகு, பெயர் நன்றாக இருக்கட்டுமே என்று பட்டனின் பெயரை மாற்றினேன். மறுநாள் ஆடித் தள்ளுபடிக் கூட்டம், கல்லாவில் இருந்தவர் பட்டனை அழுத்துகிறார், அழுத்துகிறார், ஒன்றும் நடக்கவில்லை, பிழைச் செய்திகூட இல்லை. எனக்குக் கை நடுங்கிவிட்டது. கூட வந்த சீனியர் ஒன்றும் சொல்லாமல், திரை சேமிக்கப்பட்டிருந்த எஃப்ஆர்எம் ஃபைலை நோட்பேடில் திறந்து என் முன்னால் வைத்தார். மேலே நான் வரைந்த பட்டன், புதுப் பெயரோடு, அகலமும் உயரமும் அங்குலத்துக்கு 1440 ட்விப்ஸ் கணக்கில். கீழே என் கோட், இன்னும் கமாண்ட்1 என்ற பழைய பெயரிலேயே, கூப்பிட ஆளில்லாமல் கிடந்தது. மூன்று மாதமாக வரைந்துகொண்டிருந்தேன், அது எழுத்தாக எங்கே போய் உட்காருகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நீயும் உன் ஃபைலைத் திறந்து பார். செட்டப்யூஐ என்ற ஃபங்ஷனுக்குள் உன் ஒவ்வொரு பட்டனும் பிறக்கிற வரி இருக்கும். ரீட்ரான்ஸ்லேட்யூஐ என்று தனியே ஒன்று, அதில் பட்டன்மேல் வரும் எழுத்துகள் மட்டும், மொழி மாற்றினால் அதை மட்டும் ஓட்டினால் போதும் என்பதற்காக. அப்புறம், பட்டனுக்குப் பக்கத்தில் செட்ஜியாமெட்ரி என்று நாலு எண்கள் இருந்தால், பட்டன்களைத் தானாக வரிசைப்படுத்தும் லேஅவுட்டை நீ போடவே இல்லை என்று அர்த்தம். நேற்று அந்தப் பட்டனைக் கையால் நகர்த்த வேண்டி வந்ததே அதனால்தான் இருக்கும். லேஅவுட்டுக்குள் வைத்திருந்தால் அதுவே இடம் பார்த்துக்கொண்டிருக்கும். இதை அந்த ஃபைலே உனக்குச் சொல்லியிருக்கும், தம்பி, படித்திருந்தால்!

டிசைனரை விடாதே. எடுத்த கோடில் ஒரு எழுத்துகூடத் தொடாதே, ஆனால் ஒவ்வொரு தடவையும் படி. உன் வேலையை வேறு ஃபைலில், உன் சொந்த கிளாஸில் எழுது, அங்கிருந்து செட்டப்யூஐயைக் கூப்பிடு, பட்டனை ஃபங்ஷனோடு கோப்பதும் அங்கேயே. பிறகு நூறு தடவை கோட் எடுத்தாலும் உன்னுடையது அப்படியே இருக்கும்.

கோடை பைசார்ம் என்ற எடிட்டரில் எழுதினாயா? அப்படியென்றால் அந்த ஃபைல்மேல் ரைட் கிளிக் செய்து, பழைய நிலைகளைச் சேமித்து வைக்கும் லோக்கல் ஹிஸ்டரியைத் திறந்து பார், நேற்றுக் காலை எழுதியது அங்கே இருக்கலாம். இன்றைக்கே பார். கிடைத்ததா என்று ஒரு வரி எழுது.