மூன்று நாளில் நாயை வெளியேற்றச் சொல்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 58. தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இபிஎஃப் சேமநிதிப் பணத்தில் மலேசியாவின் நிபோங் திபாலில் ஐந்து மாடி பிளாட் ஒன்றின் மூன்றாவது மாடியில் வீடு வாங்கிக் குடியிருக்கிறேன். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்த என் அண்ணன் இரண்டு மாதத்துக்கு முன் தவறிவிட்டார். அவர் வளர்த்த ஆறு வயது நாயை, மணி என்று பெயர், ஐந்து வாரத்துக்கு முன் என்னோடு அழைத்து வந்தேன். காலையில் நான் கண்டீன் வேலைக்குப் போனதும் அது ஊளையிடுகிறதாம். எதிர் வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) ஒன்றும் சொல்வதில்லை. மேல்மாடியில் இருக்கும் நம்மவர்தான் புகார் செய்திருக்கிறார். மூன்று நாளில் நாயை வெளியேற்ற வேண்டும், 200 வெள்ளி (ரிங்கிட்) அபராதம் கட்ட வேண்டும் என்று நிர்வாகம் நேற்று கடிதம் கொடுத்துவிட்டது. 'நாய் வளர்க்கத் தடை' என்று மாடிப்படிச் சுவரில் நோட்டீஸும் ஒட்டியிருக்கிறார்கள். தோட்டத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்கிறான் மகன். சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: அம்மா, முதலில் மகனிடம் பேசுங்கள். ஆளில்லாத லயத்தில் மணியை இறக்கிவிட்டு வரும் யோசனையை இன்றோடு மறந்துவிடச் சொல்லுங்கள். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தில் கொடுமைக் குற்றத்துக்குக் குறைந்தபட்ச அபராதமே 20,000 வெள்ளி, அதிகபட்சம் 100,000 வெள்ளி. மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. வளர்த்த நாயைச் சோறு தண்ணீர் இல்லாத இடத்தில் விட்டு வருவதை அந்தச் சட்டம் சும்மா விடாது. 200 வெள்ளிக்குப் பயந்து அங்கே போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இப்போது கடிதத்துக்கு வருவோம். உங்கள் நிர்வாகம் அந்த மூன்று நாள் கணக்கைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. அடுக்குமாடி வீடுகளுக்கான 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015இல் வந்த விதிமுறைகளில், மூன்றாம் அட்டவணையின் 14ஆவது துணைவிதி அது. தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் உள்ள எல்லா அடுக்குமாடிக்கும் பொருந்தும். வாடகைக்கு இருப்பவர்களையும் கட்டுப்படுத்தும். ஆனால் அந்த விதியை நிதானமாகப் படித்துப் பாருங்கள். நாயே கூடாது என்று அதில் எங்கும் இல்லை. மற்ற வீட்டுக்காரர்களுக்குத் தொல்லை தரக்கூடிய, அவர்களின் பாதுகாப்புக்கோ சுகாதாரத்துக்கோ ஆபத்தான, அல்லது மாநிலத்தின், ஊராட்சி மன்றத்தின் விதிகளுக்கு முரணான பிராணியை வைத்திருக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. அதை மீறினால் எழுத்து மூலம் நோட்டீஸ் தர வேண்டும், கிடைத்த மூன்று நாளுக்குள் பிராணியை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் நிர்வாகமே வெளியேற்றிச் செலவை உங்கள் தலையில் போடலாம்.

ஆகவே உங்கள் வழக்கு, மணி ஒரு தொல்லையா இல்லையா என்பதில்தான் நிற்கிறது. தோட்டத்தில் உடும்பையும் காட்டுப்பன்றியையும் பார்த்துக் குரைப்பது அதன் வேலை. அதே குரைப்பு மூன்றாவது மாடியில் குற்றப்பத்திரிகை ஆகிவிடுகிறது. மணிக்கு இது தெரியாது, பாவம்.

சுவரில் ஒட்டிய நோட்டீஸ் வேறு கதை. மொத்தமாக நாய்க்குத் தடை போட வேண்டுமானால் கூடுதல் துணைவிதி வேண்டும். அதற்குச் சிறப்புத் தீர்மானம் தேவை: குறைந்தது 21 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துப் பொதுக்கூட்டம் கூட்டி, விழுந்த செல்லுபடியான வாக்குகளில் நான்கில் மூன்று பங்காவது ஆதரவாக இருக்க வேண்டும். செயற்குழுவில் நாலு பேர் கோப்பி குடித்துக்கொண்டே முடிவெடுத்துக் காகிதம் ஒட்டினால் அது சட்டம் ஆகிவிடாது. அபராதமும் அப்படித்தான். தொகையைப் பொதுக்கூட்டம் தீர்மானித்திருக்க வேண்டும். 200 வெள்ளி என்பது சட்டம் வைத்த உச்சவரம்பு, தானாக வந்து விழும் தொகை அல்ல. அந்தக் கூட்டத்தின் குறிப்பைக் காட்டுங்கள் என்று கேளுங்கள்.

ஒருவேளை முறையாக நிறைவேறிய தீர்மானம் அவர்கள் கையில் இருந்தால், நேராகச் சொல்கிறேன், உங்கள் நிலை பலவீனம்தான். கோலாலம்பூர் மோண்ட் கியாரா அடுக்குமாடி ஒன்றில் குறுகிய கால வாடகைக்குத் தடை விதித்த துணைவிதியை 2020இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றமே செல்லும் என்று சொன்னது. பெரும்பான்மை முறைப்படி முடிவெடுத்தால் நீதிமன்றம் எளிதில் தலையிடாது.

அப்புறம், நீங்கள் எழுதாத ஒரு விஷயம்: லைசென்ஸ். மணிக்கு இருக்கிறதா? தோட்டத்து நாய்க்கு யார் லைசென்ஸ் எடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். லைசென்ஸ் இல்லாவிட்டால், அது குரைக்காமல் புத்தர் மாதிரி உட்கார்ந்திருந்தாலும் 14ஆவது துணைவிதியில் மாட்டும், ஏனென்றால் ஊராட்சி மன்ற விதியை மீறியதாகிவிடுகிறது. நாளைக் காலையிலேயே செபராங் பிறை மாநகர் மன்றக் கவுண்டருக்குப் போங்கள். அடுக்குமாடியில் நாய் வைத்துக்கொள்ள என்ன நிபந்தனை என்று அங்கேயே கேளுங்கள். இது ஊருக்கு ஊர் மாறும்: எத்தனை நாய், எவ்வளவு பெரியது, அண்டை வீட்டார் சம்மதம் வேண்டுமா என்பதெல்லாம். பினாங்கில் 2015இல் வெறிநாய்க்கடி நோய் வந்து தெரு நாய்களைக் கொல்லும் அளவுக்குப் போனது உங்களுக்கு நினைவிருக்கும். அதனால் தடுப்பூசி போட்டு, மருத்துவர் கையெழுத்துப் போட்ட அட்டையையும் வைத்திருங்கள். புகார்க்காரர் 'ஆபத்து' என்ற வார்த்தையை எடுத்தால் இந்த அட்டைதான் பதில்.

மூன்று நாள் முடிவதற்குள் நிர்வாகத்துக்குப் பதில் எழுதுங்கள். மலாயில் எழுதுவது நல்லது. ஒரு பக்கம் போதும். எந்தத் தேதியில், எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் ஊளையிட்டது என்று கேளுங்கள். கூடுதல் துணைவிதியின் நகலையும் அபராதத் தீர்மானத்தையும் கேளுங்கள். லைசென்ஸுக்கும் ஊசிக்கும் ஏற்பாடு செய்துவிட்டதாகவும், நாயைப் பழக்கிக்கொண்டிருப்பதாகவும், அதற்கு இரண்டு மாத அவகாசம் வேண்டும் என்றும் எழுதுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் சாப்பு (முத்திரை) குத்தித் தேதி போட்டு வாங்கி வாருங்கள். வாய் வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்தவர்கள் பிறகு என் அலுவலகத்தில் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். கோபத்தில் பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். பாக்கி வைத்திருந்தால் பொதுக்கூட்டத்தில் கை தூக்கும் உரிமை போய்விடும், உங்களுக்கு அந்தக் கை தேவைப்படும்.

சரி, அந்த இரண்டு மாதத்தில் என்ன செய்வது? நான் நாய் வைத்தியர் அல்ல. ஆனால் இப்படி வந்த சில தகராறுகளைப் பார்த்ததில், வழக்கை ஜெயித்துக் கொடுத்தது பெரும்பாலும் நாய்தான். நாய்களை மீட்டுக் காப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: புது வீட்டில் மிரட்சி தணிய மூன்று நாள், பழக்கம் பிடிபட மூன்று வாரம், இது நம் வீடு என்று அதற்குத் தோன்ற மூன்று மாதம். மணி வந்து ஐந்து வாரம்தான் ஆகிறது. எஜமானனையும் லயத்தையும் ஒரே நேரத்தில் இழந்த நாய் அது. நீங்கள் சாவியை எடுத்தாலே இவரும் போய்விடுவார் என்று நினைக்கிறது.

அதனால் சாவியை எடுங்கள், வெளியே போகாமல் திரும்ப உட்காருங்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. பிறகு கதவைத் திறந்து மூடிவிட்டு ஒரு நிமிடத்தில் திரும்புங்கள், அடுத்து ஐந்து நிமிடம், அரை மணி. அழும்போது உள்ளே நுழையாதீர்கள், ஓய்ந்த நொடியில் நுழையுங்கள். பழகும் வரை காலையில் அதைத் தனியாக விடாமல் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு வாரம் மகன் வந்து இருக்கட்டும், யோசனை சொன்னவர் அவர்தானே. வேலைக்குக் கிளம்புமுன் கீழே அரை மணி நேரம் நடத்தி, சோறு வைத்துவிட்டுப் போங்கள். மின்னல் எஃப்எம் வானொலி மெதுவாக ஓடட்டும். பால்கனியில் மட்டும் கட்டாதீர்கள். கார் பார்க்கில் போகிற வருகிற ஒவ்வொருவரையும் பார்த்து அது குரைக்கும், ஐந்து மாடிக்கும் கேட்கும். நாள் முழுக்க வெயிலில் கட்டிப்போட்டால் முதலில் சொன்ன சட்டம் உங்கள் மேலேயே திரும்பும்.

படிக்கட்டில் கயிற்றைக் குட்டையாகப் பிடித்துச் சுவர் ஓரமாக அழைத்துப் போங்கள், எதிரே ஆள் வந்தால் நின்று வழி விடுங்கள். மக்சிக் பொறுமையாக இருக்கிறார் என்பதற்காக அவர் கதவோரம் மணி மூக்கை வைக்க விடாதீர்கள். அவரிடம் ஒரு வரி எழுதி வாங்க முடிந்தால் வாங்குங்கள்: 'எனக்கு இந்த நாயால் தொல்லை இல்லை' என்று. எதிர் வீட்டுக்காரரே அப்படி எழுதிக் கொடுத்தால் மேல்மாடிப் புகாருக்குப் பாதி பலம் போய்விடும்.

மேல்மாடிக்காரரிடமும் ஒரு முறை போய்ப் பேசுங்கள், வெறும் கையோடு வேண்டாம். இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவராகக்கூட இருக்கலாம். அப்படியானால் ஊளை அவருக்கு உண்மையிலேயே தொல்லைதான், அதைச் சட்டம் அலட்சியம் செய்யாது.

ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, வெளியே போன நேரம், வந்த நேரம், அழுததா இல்லையா என்று எழுதுங்கள். பழைய கைத்தொலைபேசியை அலமாரி மேல் வைத்துப் பதிவு செய்யுங்கள். முதல் வாரம் இருபது நிமிடம் அழுதது, நாலாவது வாரம் இரண்டு நிமிடம் என்று காட்ட முடிந்தால் அது நல்ல சாட்சி.

நிர்வாகம் இதையெல்லாம் பார்த்தும் பிடிவாதம் பிடித்தால், முதலில் மாநகர் மன்றத்தில் இருக்கும் கட்டட ஆணையர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஸ்ட்ராட்டா நிர்வாக நடுவர் மன்றம் இருக்கிறது. 250,000 வெள்ளி வரையிலான விவகாரங்களை விசாரிப்பார்கள். சட்டச் சிக்கல் பெரிதாக இருந்தாலொழிய அங்கே வழக்கறிஞருக்கு இடமில்லை, நீங்களே பேசலாம்; எனக்கு வருமானம் இல்லாத இடத்துக்குத்தான் உங்களை அனுப்புகிறேன். நோட்டு, லைசென்ஸ், ஊசி அட்டை, சாப்பு குத்திய கடிதம், மக்சிக்கின் ஒரு வரி, இவ்வளவும் ஒரு ஃபைலில் இருக்கட்டும்.

இன்னொன்று. அண்ணன் கட்டிய கைலி ஏதாவது வீட்டில் இருந்தால் மணி படுக்கும் இடத்தில் போடுங்கள். இப்போதைக்குத் துவைக்க வேண்டாம்.