கையெழுத்து மட்டும் போதுமா?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் பதவி உயர்வுப் பட்டியலைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் தயாரிக்கிறது. ஆனால், மேலாளர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே அது செல்லும். இது நியாயமான முறைதானே?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: கையெழுத்தா? நெதர்லாந்திலும் மனிதர்கள் பார்த்தார்கள். குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை விண்ணப்பங்களைச் சலிக்க, 2013 முதல் அந்நாட்டு வரித்துறை தானாகக் கற்கும் மென்பொருளைப் பயன்படுத்தியது. சந்தேக மதிப்பெண் கூடினால் கோப்பு அதிகாரியிடம் போகும். ஏன் கூடியது என்ற காரணம் கூடவே போகாது. டச்சுக் குடியுரிமை இல்லாததும் அந்த மதிப்பெண்ணைக் கூட்டியது. சட்டத்தை அமல்படுத்திய விதமோ அதைவிடக் கறார்: படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் மோசடி முத்திரை. பல்லாயிரம் யூரோ திருப்பிக் கட்டச் சொல்லிக் குடும்பங்களைச் சிதைத்தார்கள். 2021 ஜனவரியில் அப்போதைய பிரதமர் மார்க் ருட்டேயின் அமைச்சரவையே பதவி விலகியது. பெற்றோர் போடாத கையெழுத்து குற்றம். அதிகாரி காரணம் தெரியாமல் போட்டது மட்டும் செல்லுமா?

உங்கள் மேலாளர் இதுவரை எத்தனை பெயர்களை மாற்றினார் என்று கேளுங்கள். இருநூறில் ஒன்றுகூட இல்லையென்றால் அவர் பரிசீலிக்கவில்லை. மதிப்பெண்ணை முதலில் பார்த்துவிட்டால் மனம் அதையொட்டியே போகும். எனவே அவர் தன் வரிசையை முதலில் எழுதி வைக்க வேண்டும்; அப்புறம்தான் மென்பொருளின் வரிசையைத் திறக்க வேண்டும். இரண்டும் வேறுபடும் இடத்தில் காரணத்தை எழுத வேண்டும். அதற்கு நேரமும் வேண்டும்: மூன்று மணி நேரத்தில் இருநூறு கோப்பு என்றால் ஆளுக்கு ஒரு நிமிடம்கூடத் தேறாது.

'ஆணா பெண்ணா என்ற தகவலையே நீக்கிவிட்டோம்' என்பார்கள். கல்லூரிப் பெயரும் பிரசவ விடுப்பு இடைவெளியும் அதைக் காட்டிக்கொடுக்கும். அமேசான் 2014-இல் தொடங்கிய ஆளெடுப்பு மென்பொருள், பெண்கள் கல்லூரிப் பெயரைப் பார்த்தே மதிப்பெண்ணைக் குறைத்தது, கடைசியில் கைவிட்டார்கள். ஆகவே பட்டியல் வந்ததும் எண்ணுங்கள். நூறு ஆண்களில் 20 பேர், நூறு பெண்களில் 12 பேர் தேர்வானால் பெண்களுக்கும் ஆண்களுக்குமான விகிதம் 12/20, அதாவது 0.6. அமெரிக்க அரசின் 1978 வழிகாட்டுதலின்படி 0.8-க்குக் கீழே போனாலே பாகுபாட்டுச் சந்தேகம்தான். பட்டியலை நிறுத்திவிட்டுக் காரணம் தேட வேண்டும்.

இந்தப் பக்கத்தில் நான் விடாமல் சாடும் 'பெல் கர்வ்', அதாவது இத்தனை சதவீதம் பேர் மேலே, இத்தனை சதவீதம் பேர் கீழே என்று முன்கூட்டியே வகுத்து ஊழியர்களை மதிப்பிடும் முறை, இங்கேயும் வருகிறது. ஒவ்வொரு குழுவிலும் பத்துச் சதவீதம் பேரைக் கட்டாயமாகக் கடைசியில் தள்ளிய பழைய மதிப்பீடுகளைக் கொடுத்துப் பழக்கினால், நன்றாக உழைத்தும் தள்ளப்பட்டவரை மென்பொருள் திறமையற்றவர் என்றே கற்றுக்கொள்ளும். எந்த ஆண்டு மதிப்பீடுகளைக் கொடுத்துப் பழக்கினார்கள் என்று மனிதவளத் துறையிடம் எழுத்து மூலமாகக் கேளுங்கள். 'சிஸ்டம் அப்படித்தான் காட்டுது சார்' என்ற பதிலை ஏற்காதீர்கள்.