ஹாலில் கட்டிப் புரளும் இரண்டு லாப்ரடார்கள்

மாலையானால் உங்கள் இரண்டு லாப்ரடார் நாய்களும் ஹாலில் உறுமிக்கொண்டு கட்டிப் புரளுகின்றன, அம்மா ஒருமுறை விழப்பார்த்தார், இது சண்டையா விளையாட்டா என்று கேட்டிருந்தீர்கள்.

உறுமலை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், விளையாட்டிலும் நன்றாகவே உறுமும். உடம்பைப் பாருங்கள். முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்குவது, மேலே ஏறுவதும் கீழே கிடப்பதும் மாறி மாறி நடப்பது, நடுவில் தாமாகவே நின்று மூச்சு வாங்குவது எல்லாம் விளையாட்டுதான். உடல் விறைத்து, வாய் மூடி, பார்வை ஒரே இடத்தில் நிலைத்தால் அப்போதே பிரித்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் மேலே இருப்பதைச் சில நொடிகள் பிடித்து வையுங்கள். கீழே கிடந்தது திரும்ப வந்து வம்பிழுத்தால் அதற்கும் இஷ்டம்தான். நழுவிப் போனால், போதும் என்கிறது. என் வீட்டு நாய்களில் பெரியவன் அப்படித்தான் நழுவுவான், எனக்குப் புரியவே பல மாதங்கள் ஆயின.

அம்மாவை நினைத்தால்தான் எனக்குக் கவலை. 30 கிலோ நாய் ஓடிவந்து முழங்காலில் மோதினால் இளைஞரே விழுவார். அவர் நடமாடும் வழியில் இன்றே ஒரு தடுப்புக் கதவு போடுங்கள். வழுக்கும் தரையில் பாய் விரியுங்கள், நாய்களின் மூட்டுகளுக்கும் நல்லது. ஆட்டம் தொடங்கும் நேரத்துக்கு முன்பே வெளியே கூட்டிப்போய், அவசரப்படுத்தாமல் மோப்பம் பிடிக்க விடுங்கள். முகர்ந்து முகர்ந்தே பாதி வேகம் அடங்கிவிடும்.

சாப்பிட்டவுடன் மட்டும் துள்ளவிடாதீர்கள். பெரிய நாய்களுக்கு வயிறு உப்பித் திருகிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு வீங்கி, ஓங்கரித்தும் வாந்தி வராவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.