டயப்பருக்குப் பதில் பழைய வேட்டித் துணி போதுமா?

பகலில் தாராளமாகப் போதும். இரவுக்கும் பயணத்துக்கும் மட்டும் டயப்பர் வைத்துக்கொண்டோம். ஒரு நாளைக்கு 6 டயப்பர் போனது 1 ஆனது. ஒன்று 10 ரூபாய் என்றாலும் மாதம் 1,500 ரூபாய் மிச்சம்.

துவைத்துத் துவைத்து நைந்த பருத்தி வேட்டிதான் சரி. புதுத்துணி கஞ்சி போகும்வரை ஈரம் இழுக்காது. நாலு முழ வேட்டியில் எட்டுத் துண்டு கிழிக்கலாம். மழைக்காலத்தை ஓட்ட மூன்று வேட்டியாவது வேண்டும்.

மலக்கறையை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் பட்டால் கறை பிடித்துக்கொள்ளும். வாசனைக்கு ஃபேப்ரிக் கண்டிஷனர் ஊற்றவே வேண்டாம். மாமியார் சொல்லியும் கேட்காமல் ஊற்றினேன். துணி உறிஞ்சாமல் மூத்திரம் நேரே பாய்க்குப் போனது.

இரவு டயப்பரைத் தாளில் சுற்றி, குப்பை எடுப்பவரிடம் தனியாகக் கொடுங்கள். திடக்கழிவு விதிகளே சுற்றித்தான் போடச் சொல்கின்றன.