பிறந்தபோது "எல்லாம் நார்மல்" என்றார்கள், ஆறு வாரத்தில் இதயத்தில் ஓட்டை என்கிறார்கள். எப்படி? குழந்தை நீலமாகவும் இல்லையே?

ஓட்டை புதிதாக வந்ததல்ல. முதல் நாளே இருந்தது. அதன் வழியாக அப்போது ரத்தம் அதிகம் பாயவில்லை, அவ்வளவுதான். எனவே பார்த்த மருத்துவர் கோட்டைவிட்டார் என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம். இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே உள்ள சுவரில் இருக்கும் ஓட்டையை (விஎஸ்டி) இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கருவில் நுரையீரலுக்கு வேலையில்லை. அதன் ரத்தக்குழாய்கள் இறுகிக் கிடக்கும். பிறந்ததும் அவை தளரத் தொடங்கும். ஆனால் ரத்தப் பாய்ச்சலுக்கு அவை தரும் எதிர்ப்பு நன்றாகக் குறைய 6 முதல் 8 வாரம் வரை ஆகலாம். முதல் ஓரிரு நாளில் நுரையீரல் பக்கம், உடல் பக்கம் இரண்டுக்கும் எதிர்ப்பில் பெரிய வித்தியாசம் இல்லாததால் ஓட்டை வழியே பாய்ச்சல் குறைவு. ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் இரைச்சலும் (மர்மர்) கேட்காமல் போகலாம்.

நுரையீரல் பக்கம் எதிர்ப்பு குறையக் குறைய, உடலுக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கு இடமிருந்து வலம் கசிந்து மறுபடியும் நுரையீரலுக்கே போகும். அது ஏற்கெனவே ஆக்சிஜன் ஏறிய ரத்தம். அதனால்தான் குழந்தை நீலமாவதில்லை. நுரையீரலைச் சுற்றி வந்த அந்தக் கூடுதல் ரத்தம் திரும்பி வந்து சேரும் இடம் இடது மேலறை. ஆகவே இந்த ஓட்டையில் முதலில் வீங்குவது இதயத்தின் இடது பக்கம். பலரும் வலது பக்கம் என்றே நினைப்பார்கள்.

கைக்குழந்தைக்குப் பால் குடிப்பதுதான் உடற்பயிற்சி. நாலு வாய் உறிஞ்சிவிட்டு நிறுத்துவது, நெற்றி வியர்ப்பது, குடித்து முடிக்குமுன் களைத்துத் தூங்கிவிடுவது, எடை ஏறாதது ஆகியவற்றைக் கவனியுங்கள். முதல் மாதங்களில் ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். தூங்கும்போது மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் தப்பாகும், பச்சிளம் மூச்சு சீராக இருக்காது. தொடர்ந்து 60-க்கு மேல் போனால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

நீலம் வருவது ரத்தம் வலமிருந்து இடம் பாயும்போது. டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்ற பிறவி இதயக் கோளாறில் நுரையீரலுக்குப் போகும் வழியே குறுகியிருப்பதால், கெட்ட ரத்தம் நேராகப் பெருந்தமனிக்குள் ஏறிவிடும். பெரிய விஎஸ்டியை மூடாமல் பல ஆண்டுகள் விட்டாலும் நுரையீரல் குழாய்கள் தடித்து, பாய்ச்சல் இப்படித் திரும்பிவிடும். இதற்கு ஐசன்மெங்கர் நிலை என்று பெயர். அதன்பிறகு ஓட்டையை மூடுவதே ஆபத்து, வலது கீழறையின் மிகை அழுத்தத்துக்கு வடிகால் அதுதான். அதனால்தான் பெரிய ஓட்டையைப் பெரும்பாலும் முதல் வயதுக்குள் மூடிவிடுகிறார்கள். சுவரின் தசைப் பகுதியில் உள்ள சிறிய ஓட்டைகள் பல தாமாகவே மூடிக்கொள்ளும்.

நீலத்தை நாக்கில் பாருங்கள். கை கால் மட்டும் நீலமாவது குளிரிலும் வரும். ரத்தசோகை உள்ள குழந்தைக்கு ஆக்சிஜன் குறைந்தாலும் நீலம் தெரியாமல் போகலாம், ஆகவே கண்ணைவிடப் பல்ஸ் ஆக்சிமீட்டரை நம்புங்கள்.

மர்மர் சத்தம் பெரிதாக இருந்தால் ஓட்டையும் பெரிது என்று அர்த்தமில்லை. தண்ணீர்க் குழாயின் நுனியை விரலால் அழுத்திப் பிடித்தால்தானே பீறிட்டு இரைகிறது? எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டிலும் இதே கதைதான். நுரையீரல் வால்வில் அடைப்பு இல்லாத குழந்தைக்கு, ஓட்டையின் இருபுற அழுத்த வித்தியாசம் 70 (mmHg) என்று போட்டிருந்தால் அது நல்ல செய்தி, இடது பக்க அழுத்தம் நுரையீரல் பக்கம் போய்ச் சேரவில்லை என்று பொருள். 15 என்று இருந்தால்தான் நுரையீரலின் அழுத்தம் எவ்வளவு என்று கேட்க வேண்டும்.