குறைந்த செலவிலான சுற்றுலாவுக்கு எந்த உணவுகளை எடுத்துச் செல்லலாம்?

விடுமுறைப் பயணத்தில் உணவுச் செலவைக் குறைக்க வீட்டிலிருந்தே எவற்றைக் கொண்டுசெல்லலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். விலைக்கு முன்பாகப் பார்க்க வேண்டியது ஈரப்பதம் என்பேன். வறுத்த கொட்டைகள், உலர்பழங்கள், பிஸ்கட் போன்றவற்றில் நீர்ச்சத்து மிகக் குறைவு என்பதால் நுண்ணுயிர்கள் எளிதில் பெருகுவதில்லை. பெரிய பொட்டலமாக வாங்கி, ஒரு வேளைக்கு ஒருவர் உண்ணும் அளவில் சிறு பைகளாகப் பிரித்துக்கொண்டால் செலவும் குறையும், வீணாவதும் குறையும்.

அவித்த முட்டை, சோறு, பால் பொருட்கள் ஆகியவற்றில்தான் கவனம் தேவை. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் பாக்டீரியாக்கள் வேகமாகப் பெருகுவதால், இவற்றை 2 மணி நேரத்திற்குள்ளும், வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் 1 மணி நேரத்திற்குள்ளும் உண்டுவிட வேண்டும். இல்லையெனில் குளிர்காப்புப் பெட்டியில் வைக்க வேண்டும். அதற்கென ஐஸ் வாங்குவது வீண்செலவு. தண்ணீர் பாட்டில்களை முக்கால் அளவு நிரப்பி (உறையும்போது நீர் விரிவடையும்) உறையவைத்து அடுக்கினால், உருகிய பின் அதையே குடிக்கலாம்.

தங்கும் அறையில் மின்கெட்டில் இருந்தால் ஓட்ஸ், நூடுல்ஸ் போன்றவை ஒரு வேளை உணவாகிவிடும். விமானப் பயணமெனில், கைப்பையில் வைக்கும் ஜாம், தயிர் போன்றவற்றையும் திரவமாகவே கருதி, 100 மில்லிலிட்டருக்கு மேல் பல விமான நிலையங்கள் அனுமதிப்பதில்லை.